04/05 என்றால் எந்த நாள்? மென்பொருளில் தேதி வடிவத்தைத் தேர்வதும் அமைப்பதும்

நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகத்துக்கான சீட்டில் ‘திருப்ப வேண்டிய நாள்: 04/05/2024’ என்று அச்சாகியிருந்தால், தமிழ்நாட்டு வாசகர் அதை மே 4 என்றே படிப்பார். சீட்டை அச்சிட்ட மென்பொருள் அமெரிக்க வழக்கில் அமைக்கப்பட்டிருந்தால் அது ஏப்ரல் 5. இரண்டுமே நாள்காட்டியில் உள்ள நாள்கள் என்பதால், சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு எது சரி என்று சொல்ல வழியே இல்லை. 13-ஆவது மாதம் கிடையாது என்பதால் 13-ஆம் தேதி முதல் இந்த ஐயம் தானாக விலகிவிடும். மாதக் கடைசியில் சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவதும் அதனால்தான். மாதத்துக்கு முதல் 12 நாள்கள் வீதம் ஆண்டுக்கு 144 நாள்கள் ஐயத்துக்கு இடம் தருகின்றன. 1/1, 2/2 என்று நாளும் மாதமும் ஒரே எண்ணாக அமையும் 12 நாள்களைக் கழித்தால் மீதி 132. ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நாள்கள் இப்படி இரு பொருள்படும் என்பதை, தேதி அமைப்பை ஒரு சிறு அலங்கார விருப்பமாகக் கருதி முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்துவிட்டுப் போகும் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

2001 செப்டம்பர் 11-இல் நடந்த தாக்குதலை அமெரிக்கர்கள் 9/11 என்கிறார்கள். 2008 நவம்பர் 26-இல் மும்பையில் நடந்ததை நாம் 26/11 என்கிறோம். இரண்டு வழக்குகளும் அவரவர் மண்ணில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியவை. இந்தியாவும் பிரிட்டனும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் நாளை முன்னால் எழுதுகின்றன. சீனா, ஜப்பான், கொரியா, ஹங்கேரி ஆகியவை ஆண்டை முன்னால் வைக்கின்றன. கனடாவில் மூன்று வரிசைகளும் புழங்குகின்றன. பிரிப்புக் குறியும் ஒரு செய்தி சொல்கிறது: தமிழ்நாட்டு அரசாணைகளில் ‘நாள்: 05.03.2024’ என்று புள்ளியிட்டு எழுதுவதே வழக்கம். அமெரிக்காவில் தேதிக்குப் புள்ளியிடுவது அரிது. ஆகவே எண்களால் மட்டுமே தேதியைக் காட்ட வேண்டிய இடத்தில் சாய்கோட்டைவிடப் புள்ளி நமக்குச் சற்றே பாதுகாப்பானது. ஆனால் அது குறிப்பு மட்டுமே; உறுதி தராது.

தமிழ் வாசகரைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. எண்களால் எழுதும்போது நாளை முதலில் வைக்கும் நாம், சொற்களால் விரித்துச் சொல்லும்போது ‘2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5-ஆம் தேதி’ என்று ஆண்டிலிருந்து தொடங்குகிறோம். கிரையப் பத்திரமானாலும் மேடை அறிவிப்பானாலும் பெரியதிலிருந்து சிறியதற்கு வருவதே தமிழின் இயல்பான போக்கு. பழைய ஆவணங்களில் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. ‘1912௵ ஆகஸ்டு௴ 5௳’ என்ற பாணியில் எழுதினால் எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை, ஏனெனில் ஒவ்வோர் எண்ணும் தன் அலகைத் தோளில் சுமந்துகொண்டு நிற்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் குறியெண் தரும் யூனிகோட் தரநிலையின் 4.0 பதிப்பில், 2003-இல், இந்தக் குறிகள் இடம்பெற்றன. இன்றைய மென்பொருளில் இவற்றை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பது என் வாதம் அன்று. இளைய வாசகர் பலருக்கு இவை படிக்கத் தெரியாது. எண்ணின் இடத்தைக் கொண்டு பொருளை ஊகிக்கச் சொல்லாமல் எண்ணோடு பொருளையும் சேர்த்துத் தருவது என்ற அந்த ஏற்பாட்டைத்தான் கைவிடக் கூடாது என்கிறேன். மாதத்தைப் பெயரால் எழுதினாலே அந்தப் பயன் கிடைத்துவிடுகிறது.

பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 8601, 1988-இல் வெளியானது. நான்கு இலக்க ஆண்டு, இரண்டு இலக்க மாதம், இரண்டு இலக்க நாள் என்று 2024-03-05 வடிவத்தை அது வகுத்தது. இணையத்தில் கணினிகள் தமக்குள் பரிமாறிக்கொள்வதற்காக இதைச் சுருக்கி இறுக்கமாக்கிய ஆர்.எஃப்.சி. 3339, 2002-இல் வந்தது. இந்த வடிவத்தின் பெரிய ஆதாயம் வரிசைப்படுத்தலில் தெரியும். கோப்புகளுக்கு 05.03.2024 என்று பெயரிட்டு அகர வரிசையில் அடுக்கினால் எல்லா மாதங்களின் ஐந்தாம் தேதிகளும் ஒன்றாகத் திரண்டு நிற்கும். 2024-03-05 என்று பெயரிட்டால் எழுத்து வரிசையே கால வரிசையாகிவிடும். தரவுத்தளம், கோப்புப் பெயர், ஏற்றுமதிப் பட்டியல் ஆகியவற்றில் இதைத் தவிர வேறொன்றைப் பயன்படுத்த எனக்குக் காரணம் தெரியவில்லை. வாசகர் கண்ணுக்குக் காட்டும் திரையில் மட்டும் சற்று யோசிக்க வேண்டும்: பொருள் மயக்கம் வராது என்றாலும், நம் ஊரில் இதைப் படிப்பவர்கள் இன்னும் ஒரு கணம் தயங்கியே படிக்கிறார்கள்.

தயக்கமில்லாமல் இரு இடத்துக்கும் ஏற்றதைச் செய்யலாம், ஏனெனில் சேமிக்கும் வடிவமும் காட்டும் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு கணத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவு, யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்திலிருந்து கடந்த நொடிகளின் எண்ணிக்கையாக வைத்திருக்கின்றன. அந்த எண்ணை 32 இருமத்தில் (பிட்டில்) அடக்கிய பழைய அமைப்புகளுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-உடன் இடம் தீர்ந்துவிடும் என்பது தனிச் சிக்கல். நமக்கு இங்கே வேண்டியது இவ்வளவே: உள்ளே இருப்பது நாடும் மொழியும் அற்ற ஓர் எண், அமைப்புப் பக்கத்தில் நாம் தேர்ந்தெடுப்பது அந்த எண்ணுக்கு அணிவிக்கும் உருவம். உருவத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், தரவு கெடாது. தேதியை ‘05/03/24’ என்று வெறும் எழுத்துச் சரமாகவே சேமித்துவிட்ட அமைப்பில் அந்த வசதி இல்லை. அங்கே தவறான வடிவம் தரவின் உள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிடுகிறது.

வடிவத்தை அமைப்பது பெரும்பாலும் ஓர் எழுத்துச் சரத்தை எழுதுவதாக இருக்கும். பி.எச்.பி. என்ற நிரல் மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்களில் சிறிய ‘டி’ (d) என்றால் இரண்டு இலக்க நாள், சிறிய ‘எம்’ என்றால் மாத எண், பெரிய ‘எம்’ என்றால் மாதப் பெயரின் சுருக்கம், பெரிய ‘எஃப்’ என்றால் முழுப் பெயர், பெரிய ‘ஒய்’ என்றால் நான்கு இலக்க ஆண்டு, பெரிய ‘எச்’ என்றால் 24 மணிக் கணக்கில் மணி, சிறிய ‘ஐ’ என்றால் நிமிடம். ஜாவா என்ற நிரல் மொழியில் இதே எழுத்துகளுக்கு வேறு பொருள்: அங்கே பெரிய ‘எம்’ மாதம், சிறிய ‘எம்’ நிமிடம். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தவறுவது மிக இயல்பு.

அப்படித் தவறிய ஓர் இடத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு சிறு நூலகத்தின் இரவல் பதிவேட்டைக் கணினிக்கு மாற்ற நான் உதவியபோது, நேரத்துக்கான சரத்தில் சிறிய ‘ஐ’ இருக்க வேண்டிய இடத்தில் சிறிய ‘எம்’ எழுதிவிட்டேன். அது மார்ச் மாதம். பதிவேட்டில் 10:03, 11:03, 16:03, 17:03 என்று நேரங்கள் விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நம்பத்தக்க நேரம்தான். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் புத்தகம் எடுப்பதில் வியப்பென்ன? பதினைந்து நாள்களுக்குப் பிறகு, பதிவேட்டின் ஒரு பக்கத்தை அச்செடுத்துப் பார்த்த நூலகர் அக்கா, “தம்பி, எல்லாரும் மூணாவது நிமிஷத்துலதான் வந்து புத்தகம் எடுக்கிறாங்களா?” என்று கேட்டார். உள்ளே நொடிக் கணக்கு சரியாகவே பதிவாகியிருந்ததால் ஓர் எழுத்தை மாற்றியதும் பழைய பதிவுகள் எல்லாம் சரியான நிமிடத்தைக் காட்டின. அச்சிட்டுக் கொடுத்துவிட்ட சீட்டுகளை மட்டும் திருத்த முடியவில்லை.

இதைவிட நுட்பமான பிழை ஆண்டில் ஒளிந்திருக்கிறது. ஜாவாவிலும் அதைப் பின்பற்றும் பல அமைப்புகளிலும் சிறிய ‘ஒய்’ நாள்காட்டி ஆண்டைக் குறிக்கும். பெரிய ‘ஒய்’ வாரக் கணக்கின்படியான ஆண்டைக் குறிக்கும். ஆண்டின் இறுதியிலும் தொடக்கத்திலும் உள்ள சில நாள்களைத் தவிர, இரண்டும் ஒரே விடையைத் தரும். 2024 டிசம்பர் 31 செவ்வாய்க்கிழமை, வாரக் கணக்கில் 2025-இன் முதல் வாரத்தைச் சேர்ந்தது என்பதால், பெரிய ‘ஒய்’ போட்ட மென்பொருள் அன்றைய தேதியை 2025 டிசம்பர் 31 என்று காட்டும். சில நாள் கழித்துப் பிழை தானே மறைந்துவிடும். எவரும் புகார் சொல்லாவிட்டால் அடுத்த டிசம்பர்வரை அது தெரியாது.

தமிழில் மாதப் பெயரைக் காட்ட வேண்டும் என்றதும் வேறொரு தொகுதிச் சிக்கல்கள் எழுகின்றன. பி.எச்.பி.யின் வழக்கமான தேதிச் செயற்கூறு (ஃபங்ஷன்) எந்த மொழி அமைப்பில் இருந்தாலும் ஆங்கிலப் பெயர்களையே தரும். மொழிக்கேற்பப் பெயர் தந்த எஸ்டிஆர்எஃப்டைம் என்ற பழைய செயற்கூறு 2021-இல் வந்த 8.1 பதிப்பிலிருந்து கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டுள்ளது. இன்று சரியான வழி, யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் சி.எல்.டி.ஆர். என்ற மொழிவாரித் தரவுத் தொகுப்பையும் அதைப் பயன்படுத்தும் நூலகங்களையும் நாடுவதே. அதில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எனத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. அதன் நீண்ட வடிவம் ‘5 மார்ச், 2024’. முழு வடிவம் ‘செவ்வாய், 5 மார்ச், 2024’. குறு வடிவமோ ‘5/3/24’. இடம் குறைவு என்ற காரணத்துக்காகக் குறு வடிவத்தைத் தேர்பவர்கள், நாம் தப்பிக்க நினைத்த அதே மயக்கத்துக்குள் திரும்பி வருகிறார்கள் என்பதால், தமிழ்த் திரைகளில் அதை நான் எப்போதும் தவிர்க்கிறேன்.

இந்தத் தொகுப்பை நாடாமல் மாதப் பெயர்களைத் தாமே மொழிபெயர்த்து, சுருக்கத்துக்கு முதல் மூன்று எழுத்தை வெட்டி எடுத்துக்கொள்ளும் மென்பொருள்களை அடிக்கடி காண்கிறோம். ஆங்கிலத்தில் செல்லும் இந்த உத்தி தமிழில் எப்படி உடைகிறது என்று பாருங்கள். யூனிகோட் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. மென்பொருள் மூன்று பைட்டுகளை வெட்டினால் ஜனவரி, ஜூன், ஜூலை மூன்றும் ‘ஜ’ என்றே வரும். மார்ச்சும் மேயும் ‘ம’ ஆகிவிடும். சற்று முன்னேறிய மென்பொருள் மூன்று யூனிகோட் குறிகளை வெட்டும். அப்போது செப்டம்பர் ‘செப’ ஆகும், ஜூன் ‘ஜூன’ ஆகும், மார்ச் ‘மார’ ஆகும். புள்ளி தனிக் குறியாகச் சேமிக்கப்படுவதால் வெட்டில் அது உதிர்ந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளை ‘செப்’ என்பதை இரண்டு எழுத்தாக எண்ணுகிறது, கணினி அதே சொல்லை நான்கு குறிகளாக எண்ணுகிறது. ஆகவே சுருக்கங்களைக் கணக்கிட்டு வெட்டக் கூடாது, ஜன., பிப்., மார்., ஏப். என்று பட்டியலாகவே எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதும்போதும் ஓரெழுத்துச் சுருக்கம் வேண்டாம்: ‘ஜூ’ என்பது ஜூனா ஜூலையா என்று எவராலும் சொல்ல முடியாது. ஜூன், ஜூலை, மே ஆகியவற்றைச் சுருக்காமல் முழுதாகவே விடுவது நல்லது.

எந்தத் தமிழருக்காக எழுதுகிறோம் என்பதும் பெயர்களை மாற்றுகிறது. இலங்கையில் பெப்ரவரி, யூன், யூலை, ஓகஸ்ட், ஒக்டோபர் என்று எழுதும் வழக்கு உண்டு. அதோடு, ஈழத்துப் பேச்சு வழக்கில் ஆங்கில மாதத்தையே தமிழ் மாதப் பெயரால் குறிப்பது உண்டு: ஏப்ரலைச் சித்திரை என்பார்கள், மேயை வைகாசி என்பார்கள். தமிழ்நாட்டில் சித்திரை 5 என்றால் ஏப்ரல் 18-ஐ ஒட்டிய நாள். மேற்சொன்ன வழக்கில் அது ஏப்ரல் 5. ஆகவே தமிழ் மாதப் பெயர்களை இயல்பு அமைப்பாக வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். தமிழ் எண்களுக்கும் இதுவே பொருந்தும். 2024-ஐ மரபு முறையில் ௨௲௨௰௪ என்றும், இடமதிப்பு முறையில் ௨௦௨௪ என்றும் எழுதலாம். இரண்டையும் தடையின்றிப் படிப்பவர்கள் மிகக் குறைவு. விரும்புவோர் தேர்ந்துகொள்ளும்படி வைக்கலாம், எல்லாருக்கும் திணிக்கக் கூடாது.

வடிவம் சரியாக இருந்தும் நாளே தவறாகக் காட்டும் பிழை நேர வலயத்திலிருந்து வருகிறது. இந்திய நேரம் யூ.டி.சி.யைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. வழங்கி (சர்வர்) யூ.டி.சி.யில் ஓடி, வலயத்தை யாரும் அமைக்காமல் விட்டிருந்தால், நள்ளிரவுக்கும் காலை 5:30-க்கும் இடையில் பதிவானவை மட்டும் முந்தைய நாளின் தேதியில் தெரியும். பகலில் சோதிப்பவருக்குத் தேதி சரியாகவே இருக்கும். இதற்கு நேர்மாறான தடயம் ஒன்றும் உண்டு. ஏற்றுமதி செய்த பட்டியலில் பிறந்த நாள்கள் எல்லாம் முந்தைய நாள் 18:30 மணி என்று வந்திருந்தால், மணியே இல்லாத ஒரு தேதியை யாரோ இந்திய நள்ளிரவாகக் கருதி யூ.டி.சி.க்கு மாற்றிவிட்டார்கள் என்று பொருள். பிறந்த நாள், திருமண நாள், விடுமுறை நாள் ஆகியவற்றுக்கு வலயம் கிடையாது. அவற்றைத் தேதியாக மட்டுமே சேமிக்க வேண்டும்.

வலயத்தை அமைக்கும்போது ‘+5:30’ என்ற எண்ணைத் தேர்வதைவிட ‘ஆசியா/கொல்கத்தா’, ‘ஆசியா/கொழும்பு’ போன்ற இடப்பெயரைத் தேர்வது சரியானது, ஏனெனில் அந்த இடத்தின் கடிகாரம் வரலாற்றில் எப்போதெல்லாம் மாறியது என்ற விவரமும் அந்தப் பெயரோடு வருகிறது. இலங்கை 1996 மே மாதம் தன் நேரத்தை +6:30 ஆக்கியது, அதே ஆண்டு அக்டோபரில் +6 ஆக்கியது, 2006 ஏப்ரலில் மீண்டும் +5:30-க்கு வந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையைக் கிளப்பிய நிலநடுக்கம் யூ.டி.சி. 00:58:53-இல் நிகழ்ந்தது. அப்போது சென்னைக் கடிகாரத்தில் காலை 6:28. கொழும்புக் கடிகாரத்தில் 6:58. அன்றைய கொழும்புப் பதிவொன்றை இன்றைய +5:30 என்ற நிலையான எண்ணால் காட்டும் மென்பொருள், மக்கள் தம் கடிகாரத்தில் பார்த்த நேரத்திலிருந்து அரை மணி விலகிவிடுகிறது. அன்றைய நினைவுக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வருபவருக்கு அந்த அரை மணி பெரிய இடைவெளி. சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் 1982 முதல் +8-க்கு மாறியவை என்பதால் அங்குள்ள பழைய பதிவுகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

மணியைப் பொறுத்தவரை, ரயில் அட்டவணைகளால் 24 மணிக் கணக்கு நமக்கு அந்நியமானதல்ல. 12 மணிக் கணக்கைத் தேர்ந்தால் ‘முற்பகல் 12:10’ என்று வருவது நள்ளிரவா நண்பகலா என்று வாசகர் திகைப்பார். தமிழில் நள்ளிரவு, அதிகாலை, காலை, மாலை, இரவு என்ற சொற்கள் இருக்கும்போது முற்பகல், பிற்பகல் என்ற இரண்டு பெட்டிகளுக்குள் நாளை அடைக்க வேண்டியதில்லை, சி.எல்.டி.ஆர். வடிவங்களில் பெரிய ‘பி’ (B) எழுத்து இந்தப் பொழுதுப் பெயர்களைத் தரும். பேச்சு வழக்கில் நம் இரவு, விடியும்வரை முந்தைய நாளுக்கே உரியது என்பதையும் மறக்கக் கூடாது. 12-ஆம் தேதி 00:10-க்குப் புறப்படும் வண்டிக்கு 12-ஆம் தேதி இரவு நிலையத்துக்குப் போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இத்தகைய இடங்களில் கிழமையையும் சேர்த்துக் காட்டுவது பேருதவி. கிழமை ஒரு சரிபார்ப்பு எண்ணைப் போல வேலை செய்கிறது: 2024 மார்ச் 5 செவ்வாய், 2024 மே 3 வெள்ளி. கிழமை அருகில் இருந்தால் 05/03 என்ற மயக்கமும் தீர்ந்துவிடும்.

‘2 மணி நேரத்துக்கு முன்’, ‘நேற்று’ என்ற ஒப்புநிலைக் காட்சி உடனுக்குடன் படிப்பவருக்கு வசதியானது. திரைப்பதிவு எடுத்தாலோ அச்சிட்டாலோ அது பொருளிழந்துவிடும். எனவே ஒரு நாளுக்குள் மட்டும் அதைக் காட்டி, பிறகு முழுத் தேதிக்கு மாறிவிடும்படி அமைப்பதும், ஒப்புநிலைச் சொல்லைத் தொட்டால் முழுத் தேதி தெரியும்படி வைப்பதும் நல்லது. மொழிபெயர்ப்பாளர்கள் ‘1 நாட்களுக்கு முன்’ என்ற பிழையைத் தவிர்க்க ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனி வரிகளை நிரப்ப வேண்டும். அதைப் போலவே, மாறிவரும் தேதியோடு வேற்றுமை உருபை நேராக ஒட்டக் கூடாது. ‘மார்ச் 5க்குள்’, ‘மார்ச் 5-இல்’ என்பவை தேதியின் முடிவு எண்ணாக இருக்கும்வரை நிற்கும். வடிவத்தை ‘5 மார்ச்’ என்று மாற்றிய அன்றே ‘மார்ச்க்குள்’ என்று உடையும். அன்று, முதல், வரை என்ற தனிச் சொற்கள் எந்த வடிவத்தின் பின்னாலும் சேதமின்றி நிற்கும்.

நான் அமைத்துக் கொடுக்கும் இடங்களில் திரைக்கு ‘செவ்வாய், 5 மார்ச் 2024, மாலை 4:20’. குறுகிய பத்திகளுக்கு ‘5 மார்ச் 2024’. ஏற்றுமதிக்கும் கோப்புப் பெயருக்கும் 2024-03-05. ஆண்டை இரண்டு இலக்கமாக எங்கும் வைப்பதில்லை. அமைத்து முடித்ததும் மூன்று தேதிகளை உள்ளிட்டுப் பார்க்கிறேன். பிப்ரவரி 3, அதிகாலை 2:45: நாளும் மாதமும் இடம் மாறியிருந்தாலும், வலயம் விடுபட்டிருந்தாலும், நிமிடத்தின் இடத்தில் மாத எண் வந்திருந்தாலும் இது காட்டிக் கொடுக்கும். 2024 டிசம்பர் 31: வாரக் கணக்கின் ஆண்டு நுழைந்திருந்தால் 2025 என்று வரும். செப்டம்பர் 30: சுருக்கத்தில் புள்ளி உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க. மூன்றையும் திரையிலும் அச்சிலும் ஏற்றுமதிப் பட்டியலிலும் பார்த்த பிறகே நூலகர் அக்காவிடம் சாவியை ஒப்படைக்கிறேன்.